இரும்புப் பெருமை இருக்கட்டும், உருக்கு எங்கே?

போன வாரம் ராத்திரி ஹாஸ்டல் மெஸ்ஸில் ஒரு சண்டை. காரணம் சாம்பார் இல்லை (அது தனிப் பதிவாக வரும்). இரும்பு!

"எலேய், ஒலகத்துலயே மொதல்ல இரும்ப உருக்குனது நம்ம ஊருலதாம்லே. சிவகளைல 5300 வருசம். தெரியும்லா?" என்றான் ஒருத்தன்.

"தெரியும்லே. இப்ப எங்க உருக்குதோம்? அதச் சொல்லு" என்றேன்.

அவன் யோசிப்பதற்குள் எதிரில் இருந்தவன் பாய்ந்தான். "ஏன், ஒனக்கு இன்னொரு ஸ்டெர்லைட் வேணுமோ? 13 பேரு செத்தது போதாதோ?"

மூன்றாவது ஆள் தட்டில் இருந்து தலையைத் தூக்காமலே சொன்னான்: "எந்த ஆலை வந்தா என்னலே, நமக்கு வேலை குடுத்தாச் சரி."

இந்த மூன்று பேர் சொன்னதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. மூன்று பேரோடும் எனக்குச் சண்டையும் இருக்கிறது. மெஸ்ஸில் கத்தி முடிக்க முடியாததை இங்கே எழுதித் தீர்த்துக்கொள்கிறேன்.

முதலில் பெருமைக்காரன். 2025 ஜனவரி 23 அன்று முதலமைச்சர் ஸ்டாலின் 'இரும்பின் தொன்மை' நூலை வெளியிட்டார். சிவகளையில் இரும்புப் பொருட்களோடு கிடைத்த கரித்துண்டுகளையும் பானை ஓடுகளையும் ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பி வயது பார்த்ததில், கி.மு. 3345 வரை போகிறது. ஆதிச்சநல்லூரில் கி.மு. 2517. எனக்கும் புல்லரித்தது, மறைக்கவில்லை. சோதித்தது இரும்பை இல்லை, கூடக் கிடந்த கரியையும் ஓட்டையும்தான். அதனால் இன்னும் நிறையச் சான்று வேண்டும் என்று கேட்கிற அறிஞர்களும் இருக்கிறார்கள். கேட்கட்டும். அது ஆராய்ச்சி, அவர்கள் வேலை. நம்மாட்கள் செய்வது வேறு. ரெட்டியார்பட்டியில் பொருநை அருங்காட்சியகம் கட்டியாகிவிட்டது. வாட்சப்பில் 'உலகுக்கே இரும்பு தந்த தமிழன்' என்று படம் போட்டாகிவிட்டது. அத்தோடு கடையைச் சாத்திவிட்டோம்.

நம் இரும்புக் கதையில் பொருள் நம்முடையதாகவும் பலன் அடுத்தவனுடையதாகவும் இருப்பது புதிதில்லை. 1876-ல் யாகோர் என்கிற ஜெர்மானியர் ஆதிச்சநல்லூரில் தோண்டி எடுத்ததைப் பெர்லினுக்குக் கொண்டுபோனார். நம் பக்கத்து 'உருக்கு', கன்னடத்து 'உக்கு' என்கிற சொல்லில் இருந்து வந்ததாகச் சொல்லப்படும் 'வூட்ஸ்' எஃகை லண்டனில் உட்கார்ந்து மைக்கேல் ஃபாரடே ஆராய்ந்தார். 1830 வாக்கில் ஹீத் என்கிற வெள்ளைக்காரர் சேலத்துத் தாதை வைத்துப் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். அடுப்புக்கு மரக்கரி கட்டுப்படியாகாமல் அது படுத்தது. ஆனால் அவர் இங்கிலாந்து போய் உருக்கில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839-ல் காப்புரிமை வாங்கினார், ஷெஃபீல்டு ஆலைகள் அதில் கொழித்தன. அந்தப் பரங்கிப்பேட்டைப் பாடத்தை மனதில் வையுங்கள்: தாது இருந்தால் மட்டும் போதாது, எதை எரித்து உருக்கப்போகிறாய் என்பதுதான் கேள்வி. கடைசியில் திரும்ப வருவோம்.

இப்போது நம் காலத்துக்கு வருவோம். 1967 ஜூலையில் அண்ணா 'எழுச்சி நாள்' என்று ஒன்று நடத்தினார். சேது சமுத்திரமும் சேலம் உருக்காலையும் வேண்டும் என்பது கோரிக்கை. தெற்கே கப்பல், மேற்கே உருக்கு. 1970 ஏப்ரலில் இந்திரா காந்தி நாடாளுமன்றத்தில் தெற்குக்கு மூன்று உருக்காலை என்று அறிவித்தார்: விசாகப்பட்டினம், விஜயநகரம், சேலம். அந்த செப்டம்பர் 16-ந்தேதி சேலத்தில் அடிக்கல்லும் நாட்டினார்.

மூன்று பிள்ளைகள் ஒரே நாளில் பிறந்த மாதிரி. இன்றைக்கு மூன்றும் எப்படி இருக்கின்றன?

விசாகப்பட்டினம் ஆண்டுக்கு 73 லட்சம் டன் திறன். விஜயநகரம் தனியார் கைக்குப் போய், இன்று ஒன்றரைக் கோடி டன்னுக்கும் மேல். சேலம்? சுமார் 1.8 லட்சம் டன்.

கோடி, லட்சம் என்று படித்துக் குழம்ப வேண்டாம். விசாகப்பட்டினம் ஒரு குடம் என்றால் சேலம் ஒரு டம்ளர்.

அதிலும் கொடுமை, 1982-ல் உற்பத்தி தொடங்கிய அந்த 'உருக்காலை'யில் 2010 வரை உருக்கவே இல்லை! வெளியூரில் இருந்து துருப்பிடிக்காத எஃகை வாங்கி, உருட்டி, தகடாக்கி விற்றார்கள். 28 வருடம், பெயர் மட்டும் உருக்காலை. வீட்டு அலமாரியில் இருக்கிற சேலம் ஸ்டெயின்லெஸ் டிபனுக்கு இரும்பு கஞ்சமலையில் இருந்து வந்தது என்று நினைத்தீர்களா? நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன் :-) எங்கள் ஊர்க்காரர்களுக்கு அல்வா கொடுப்பது தெரியும். ஆனால் டெல்லி சேலத்துக்குக் கொடுத்த அல்வா மாதிரி இருட்டுக்கடையில்கூடக் கிண்ட முடியாது.

நியாயமாகவும் பேச வேண்டும். கஞ்சமலைத் தாது மட்டமான ரகம், அரைத்துப் பிரித்துத்தான் இரும்பை எடுக்க வேண்டும். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியை வைத்து உருக்கலாம் என்று 1950, 60-களில் போட்ட கணக்கு நடைமுறைக்கு வரவில்லை. ஸ்டெயின்லெஸ் டன்னுக்குச் சாதாரண உருக்கைவிட விலையும் அதிகம். எல்லாம் சரி. ஆனால் சுமார் 4000 ஏக்கரை மக்களிடம் வாங்கி வைத்துக்கொண்டு, 2019-ல் அதையும் விற்க ஆள் தேடினார்கள் பாருங்கள், அதற்கு என்ன சமாதானம்? தொழிலாளர்கள் போராடினார்கள், விற்பனை நடக்கவில்லை. விசாகப்பட்டினத்தையும் 2021-ல் விற்கத்தான் முடிவெடுத்தார்கள். ஆந்திராவே எழுந்து நின்றது. 2025 ஜனவரியில் 11,440 கோடி ரூபாய் கொடுத்துத் தூக்கிவிட்டார்கள். சேலத்துக்கு எழுந்து நிற்க நம்மில் எத்தனை பேர்? 5300 வருடம் என்றால் எழுந்து நிற்கிறோம். 50 வருட ஆலை என்றால் உட்கார்ந்துவிடுகிறோம்.

"அதுக்கென்ன, உருக்கு வேற எங்கயாவது செஞ்சா வாங்கிக்கிட்டாப் போச்சு" என்று கேட்கலாம். 2017 தேசிய உருக்குக் கொள்கை, 2030-31-க்குள் நாட்டின் உருக்குத் திறனை 30 கோடி டன்னாக்க வேண்டும் என்கிறது. இப்போது 20 கோடி டன் அளவுக்கு வந்துவிட்டது. பத்து கோடி டன் புதிதாக வரவேண்டும். ஒடிசா, சத்தீஸ்கர், ஜார்க்கண்ட், கர்நாடகம் எல்லாம் வரிசையில் நிற்கின்றன. ஒரு இந்தியன் வருடத்துக்கு 100 கிலோ சுமாருக்கு உருக்கு பயன்படுத்துகிறான், உலகச் சராசரி 200 கிலோவுக்கும் மேல். ஆகவே தேவை பொய்யில்லை. 2025 ஆகஸ்ட் 4-ல் தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் கார் ஆலை திறந்தார்கள். தாமிரபரணி கடலில் சேர்கிற இடத்துக்குப் பக்கத்தில் கார் செய்கிறோம். அந்தக் காரின் உடம்புத் தகட்டை உருக்கி எடுத்துத் தரும் பெரிய ஆலை ஒன்று தமிழ்நாடு முழுக்கத் தேடினாலும் கிடையாது. பட்டன் தைக்க ஆள் இருக்கிறது, துணி நெய்ய ஆள் இல்லை.

சரி, இப்போது இரண்டாவது ஆள். ஸ்டெர்லைட் என்று பாய்ந்தவன். இவனிடம் கத்தக் கூடாது என்று மெஸ்ஸிலேயே தோன்றியது.

பெயரிலேயே தாமிரத்தை வைத்திருக்கிற ஆறு நம்முடையது. அந்த ஆற்று முகத்தில் ஒரு தாமிர ஆலை. 2013 மார்ச்சில் வாயுக் கசிவுப் புகார். அதே வருடம் ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் 100 கோடி ரூபாய் கட்டச் சொல்லி, ஆலையை ஓட விட்டது. ஆண்டுக்கு 4 லட்சம் டன் திறனை 8 லட்சமாக்கக் கிளம்பினார்கள். 2018 மே 22-ல் துப்பாக்கிச் சூடு, 13 உயிர். ஆலைக்கு ஒரு வாரத்துக்குள் சீல். 2024 பிப்ரவரி 29-ல் உச்ச நீதிமன்றமும் நிறுவனத்தின் மேல்முறையீட்டைத் தள்ளிவிட்டது. இவ்வளவையும் பார்த்த ஊரிடம் போய் "புது உலை வருது, கை தட்டுங்க" என்று எவனாவது சொன்னால் செருப்பு பறந்தாலும் ஆச்சரியமில்லை.

தண்ணீர்க் கதை அதைவிடப் பழசு. பொதிகையில் இறங்கி, எட்டு அணைக்கட்டு தாண்டி, கடைசியாக ஸ்ரீவைகுண்டம். அதற்குக் கீழே இருப்பவனுக்கு மிச்சம்தான். அந்தக் கடைசி அணைக்கட்டில்தான் 20 எம்.ஜி.டி. திட்டம், அதாவது நாளுக்கு 9 கோடி லிட்டர், தூத்துக்குடி ஆலைகளுக்காகக் குழாய் போட்டு எடுக்கிற ஏற்பாடு. மேலே கங்கைகொண்டானில் குளிர்பான ஆலைகளுக்கு 1000 லிட்டர் 37 ரூபாய் 50 காசு என்று ஆற்றுத் தண்ணீர் போனதும், 2016-ல் மதுரைக் கிளை இடைக்காலத் தடை போட்டதும், 2017 மார்ச்சில் தடை நீங்கியதும் நமக்கு மறந்திருக்காது. கார் சாகுபடிக்குத் தண்ணீர் இல்லை என்று விவசாயி உட்கார்ந்திருக்கும்போது குழாயில் மட்டும் தண்ணீர் ஓடினால் கோபம் வராமல் என்ன வரும்?

ஆகவே அவன் கோபம் நூற்றுக்கு நூறு சரி. அதில் இருந்து அவன் எடுக்கிற முடிவுதான் தப்பு. 'ஆலையே வேண்டாம்' என்று சொல்கிறவன் வீட்டு மாடியில் கம்பி இல்லையா? போராட்டத்துக்கு வந்த பைக் எதில் செய்தது? நம் ஊரில் வேண்டாம் என்றால் அந்தப் புகையை கலிங்காநகரில் ஒரு ஆதிவாசிப் பிள்ளை சுவாசிக்கும். 2006 ஜனவரியில் அங்கேயும் உருக்காலைக்கு நிலம் எடுத்தபோது துப்பாக்கிச் சூடு நடந்தது, ஆதிவாசிகள் பலர் செத்தார்கள். நமக்கு வேண்டாத சாவு அவர்களுக்கு மட்டும் சரியா? எப்படிச் செய்வது என்று கேட்காமல் 'இங்கே வேண்டாம்' என்று மட்டும் சொல்வது, குப்பையைப் பக்கத்து வீட்டுக் காம்பவுண்டுக்குள் வீசுவதற்குச் சமம்.

மூன்றாவது ஆள், எந்த ஆலையானாலும் சரி என்பவன். தம்பி, ஊது உலை என்று ஒன்று இருக்கிறது. ஒரு டன் உருக்குக்கு ஒன்றரை டன்னுக்கு மேல் தாது, முக்கால் டன் சுமாருக்கு நிலக்கரி. அந்தக் கோக் நிலக்கரியில் பெரும்பகுதி ஆஸ்திரேலியா மாதிரி இடங்களில் இருந்து கப்பலில் வருகிறது. உலகத்தில் சராசரியாக ஒரு டன் உருக்குக்கு 2 டன்னுக்குப் பக்கமாகக் கரியமில வாயு வெளியேறுகிறது, நம் நாட்டில் இரண்டரை. 2026 ஜனவரியில் இருந்து ஐரோப்பிய ஒன்றியம் இதைக் கணக்குப் பார்த்து எல்லையிலேயே காசு கேட்கிற ஏற்பாட்டுக்குள் போய்விட்டது. ஊது உலை ஒன்றைக் கட்டினால் 40, 50 வருடத்துக்கு அதை மாற்ற முடியாது. உனக்கு வேலை கிடைக்கிற ஆலை, உன் பிள்ளை வேலைக்குப் போகிற வயதில் யாரும் வாங்காத சரக்கைச் செய்துகொண்டிருக்கும். அப்புறம் சீல் வைக்கப் போலீஸ் வரவேண்டாம், கடன் கொடுத்த வங்கியே வரும்.

அப்படியானால் என்னதான் வேண்டும் என்கிறாய்?

பழைய இரும்பு வேண்டும் என்கிறேன்.

சிரிக்காதீர்கள். சின்ன வயதில் 'பழைய இரும்பு, ஈயம், பித்தாளைக்குப் பேரீச்சம்பழம்' என்று தெருவில் கூவிக்கொண்டு வருவாரே, அவர்தான் நாளைய உருக்குத் தொழிலின் முதல் ஆள். எங்கள் ஊர் ரோட்டோரக் கொல்லுப்பட்டறையில் அரிவாள் எதில் அடிக்கிறார்கள் தெரியுமா? (நெல்லை என்றாலே சினிமாக்காரர்களுக்கு அரிவாள்தான், அதையும் உருப்படியாக விசாரித்தது கிடையாது.) கழித்துப்போட்ட லாரி வில்லுப்பட்டையில். நல்ல எஃகு. அதைக் காய்ச்சி அடித்தால் அடுத்த பிறவி. "இரும்புக்குச் சாவு கிடையாது தம்பி" என்று பட்டறைக்காரர் ஒருமுறை என்னிடம் சொன்னார். என் பாடப்புத்தகம் பத்துப் பக்கத்தில் சொன்னதை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

மின்வில் உலையில் பழைய இரும்பைப் போட்டு மின்சாரத்தால் உருக்கினால் தாது வேண்டாம், கோக் நிலக்கரி வேண்டாம். இதோ என் கணக்கு, தப்பிருந்தால் திருத்துங்கள்.

ஆண்டுக்கு 10 லட்சம் டன் ஆலை என்று வைப்போம். சேலத்தைப் போல ஐந்து மடங்கு. உருக்கி உருட்டி முடிக்க டன்னுக்கு 600 யூனிட் மின்சாரம் என்றால் மொத்தம் 60 கோடி யூனிட். நம் பக்கத்துக் காற்றில் ஒரு மெகாவாட் காற்றாலை வருடத்துக்கு 26 லட்சம் யூனிட் தரும் என்று வைத்தால், 230 மெகாவாட் போதும். தமிழ்நாட்டில் நிறுவிய காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டுக்கும் மேல். முப்பந்தலிலும் கயத்தாறிலும் ஆடிக்காற்றில் சுற்றுகிற விசிறிகளை, மின்சாரம் மிஞ்சிப்போச்சு என்று சில நாள் நிறுத்தி வைக்கிறார்கள் அய்யா! பரங்கிப்பேட்டைக்காரனுக்குக் கிடைக்காத எரிபொருள் நம் தலைக்கு மேலே வீசிக்கொண்டிருக்கிறது.

அடுத்து தண்ணீர். டன்னுக்கு 1500 லிட்டர் என்றால் நாளுக்கு 41 லட்சம் லிட்டர். இதற்கு ஆற்றில் ஒரு சொட்டு தொட வேண்டாம். 2011 கணக்குப்படியே நெல்லை மாநகராட்சியில் நாலே முக்கால் லட்சம் பேர். ஆளுக்கு 80 லிட்டர் சாக்கடை என்றாலும் நாளுக்கு மூன்றே முக்கால் கோடி லிட்டர். இதில் ஒரு பகுதி நேரே தாமிரபரணியில் விழுகிறது, பாலத்தில் நின்று மூக்கைப் பொத்தியவர்களுக்குத் தெரியும். சென்னையில் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் சாக்கடையைச் சுத்திகரித்து, நாளுக்கு நாலரைக் கோடி லிட்டர் வீதம் ஆலைகளுக்கு விற்கும் நிலையங்கள் 2019-ல் இருந்து ஓடுகின்றன. அதை இங்கே செய்தால், ஆலை ஆற்றுத் தண்ணீரைக் குடிக்காது, ஆற்றில் சேரும் சாக்கடையைக் குடிக்கும்.

"செலவு ஆகுமே!" ஆகட்டும். 1000 லிட்டருக்கு 100 ரூபாய் என்றே வையுங்கள். ஒரு டன்னுக்குத் தண்ணீர்ச் செலவு 150 ரூபாய். ஒரு டன் கம்பி 50,000 ரூபாய் சுமாருக்கு விற்கிறது. ஆயிரத்துக்கு மூன்று ரூபாய்! இந்த மூன்று ரூபாயை மிச்சம் பிடிக்கத்தான் ஸ்ரீவைகுண்டத்தில் குழாய் போட்டு விவசாயி வயிற்றில் அடிக்கிறோம். 'ஆற்றுத் தண்ணீர் இல்லாமல் தொழில் நடக்காது' என்று இனிமேல் யாராவது மேடையில் சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

இதிலும் குறை இருக்கிறது, மூடி மறைத்தால் நான் மற்றவர்களைப் பேச யோக்கியன் இல்லை. மின்வில் உலைப் புகையில் துத்தநாகம், ஈயம் கலந்த தூசி வரும். டன்னுக்கு 15 முதல் 20 கிலோ, அப்படியென்றால் வருடத்துக்கு 15,000 டன்னுக்கு மேல். பிடித்து, துத்தநாகத்தைப் பிரித்து எடுக்க வேண்டும், வயலில் கொட்டக் கூடாது. கப்பலில் வரும் பழைய இரும்பில் என்ன வரும் என்று தெரியாது. 2010-ல் டெல்லி மாயாபுரியில் பழைய இரும்புக் கடைக்குள் கோபால்ட்-60 வந்து ஒரு உயிர் போனது. பழைய இரும்பில் செம்பு கலந்திருந்தால் கார் தகட்டுக்கு ஆகாது, முதலில் கட்டடக் கம்பியும் இயந்திர உதிரிகளும்தான். காற்று ஆடியில் அடிக்கும், மார்கழியில் அடிக்காது, மிச்ச மாதங்களுக்கு சூரிய மின்சாரமும் சேமிப்பும் வேண்டும். வேலையும் ஆயிரக்கணக்கில் வராது, உலைக்குள் சில நூறு பேர்தான். ஆனால் அதைச் சுற்றி உருட்டாலை, வார்ப்படம், உதிரிப் பட்டறை என்று வருமே, அதுதான் நம் வகுப்பில் பாதிப் பேர் ஒரகடத்துக்கும் துபாய்க்கும் பெட்டி கட்டாமல் இருக்க வழி.

ஆகவே என் கோரிக்கைகள், பெரிசாக ஒன்றுமில்லை:

1. சேலம் உருக்காலையை விற்கிற பேச்சை மறுபடி எடுக்காதே. நிலமும் உலையும் கைத்திறமையும் அங்கே இருக்கின்றன. உலையைப் பெரிசாக்கு.

2. நெல்லைக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே ஒரு மின்வில் உலை ஆலை. துறைமுகம் பக்கம், காற்று பக்கம். ஊது உலை என்றால் வராதே.

3. தாமிரபரணியில் இருந்து ஒரு லிட்டர்கூடக் கிடையாது. சுத்திகரித்த சாக்கடை மட்டும். நிலையத்தைக் கட்டி முடித்த பிறகுதான் உலைக்கு அனுமதி.

4. புகைபோக்கியில் என்ன போகிறது என்பதை ஊருக்குள் பலகை வைத்து நிமிடத்துக்கு நிமிடம் காட்டு. தூசிக் கணக்கைக் கிராமசபையில் படி. எல்லை தாண்டினால் உலை நிற்கட்டும், போராட்டத்துக்குக் காத்திருக்காதே.

5. பழைய இரும்பு துறைமுகத்தை விட்டு வெளியே வரும் முன் கதிர்வீச்சுச் சோதனை.

இதெல்லாம் கட்டுப்படியாகாது என்று சொல்கிற முதலாளி வரவேண்டாம். அவர் உருக்கு வியாபாரத்துக்கு வரவில்லை, மலிவாகத் தண்ணீரும் மலிவாக உயிரும் கிடைக்கும் என்று வருகிறார்.

சிவகளைத் தாழிக்குள் இரும்பை வைத்தவனைப் பற்றி அடிக்கடி யோசிக்கிறேன். அவன் தன் காலத்தில் உலகத்திலேயே புதிய தொழில்நுட்பத்தைக் கையில் வைத்திருந்தான். முன்னோர் பெருமை பேசிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அவன் கையில் கல்லாயுதம்தான் இருந்திருக்கும். இதே ஆற்றங்கரையில், இதே காற்றில், நம் காலத்துப் புதிய உலையை நாம் மூட்டினால்தான் அவன் பேரைச் சொல்ல நமக்கு யோக்கியதை.

மெஸ் சண்டை எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். வார்டன் வந்து லைட்டை அணைத்தார். தட்டைக் கழுவிக்கொண்டே ஸ்டெர்லைட் நண்பன் மட்டும் கேட்டான்: "பலகை வச்சு காட்டுவான்னு சொல்லுத. அதுல பொய்க் கணக்கு காட்டுனா?"

நல்ல கேள்வி. என் ஐந்தில் அதற்குப் பதில் இல்லை. ஆறாவது கோரிக்கையை நீங்கள் எழுதுங்கள்.

டிஸ்கி: தண்ணீர், மின்சாரக் கணக்கெல்லாம் நான் பேனாவும் பேப்பரும் வைத்துப் போட்டது. அனுமானங்களைப் பக்கத்திலேயே சொல்லியிருக்கிறேன். திட்டுவதாக இருந்தால் எண்ணோடு வந்து திட்டவும். 5300 வருடப் பெருமையோடு வருகிறவர்களுக்குப் பேரீச்சம்பழம் மட்டும் தரப்படும்.